மீனுக்குப் பதில் சீட்டு: டார், ஜிப், சிம்லிங்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், அதோடு சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்களின் படங்களையும் படகுக்காரர்களின் காகிதங்களையும் பத்திரப்படுத்திக் கொடுக்கும் வேலை. கடையில் ஓடுவது லினக்ஸ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது ஆளாளுக்குப் பழைய ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அப்போது திரும்பத் திரும்ப வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். டாரும் ஜிப்பும் பல ஃபைல்களை ஒரே ஃபைலாக மூட்டை கட்டும் கருவிகள். சிம்லிங்க் என்பது இன்னொரு இடத்தில் இருக்கும் ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டும் குறிப்பு, இங்கே லிங்க் என்று மட்டும் சொன்னாலும் அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. கமாண்ட் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'சின்ன எச்', 'பெரிய எல்' என்று நான் பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் அர்த்தமே வேறு.

சிம்லிங்க் என்பது ஷார்ட்கட் தானே?

கிட்டத்தட்ட. ஆனால் விண்டோஸ் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட் ஒரு தனி ஃபைல், அதைப் புரிந்துகொள்வது மேலே ஓடும் புரோகிராம்தான். சிம்லிங்க் அப்படியில்லை, இயங்குதளமே அதைப் படித்து, அதில் எழுதியிருக்கும் இடத்துக்குத் தானாகப் போய்விடும். அதனால் பெரும்பாலான புரோகிராம்களுக்குத் தாங்கள் லிங்க் வழியாக வந்தோம் என்பதே தெரியாது. உள்ளே இருப்பதோ ஒரு பாதையின் எழுத்துகள் மட்டும்தான். ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டோடு சின்ன எல் போட்டால் வரிசையின் முதல் எழுத்தாக எல் நிற்கும், பெயருக்குப் பின்னால் அம்புக்குறி போட்டு எங்கே போகிறது என்றும் காட்டும்.

கடையில் நான் சொல்லும் உதாரணம் இதுதான். ஐஸ் பெட்டியில் மீனை அடுக்கி மதுரைக்கு லாரி ஏற்றவேண்டும். மீனை வைக்காமல் 'மீன் பாம்பனில் இருக்கிறது' என்று ஒரு சீட்டை எழுதி பெட்டிக்குள் வைத்து மூடினால்? பாம்பனில் நிற்கிறவனுக்கு அந்தச் சீட்டே போதும், நாலு எட்டு நடந்து போய் மீனை எடுத்துக்கொள்வான். மதுரையில் பெட்டியைத் திறக்கிறவனுக்குச் சீட்டுதான் மிச்சம். பேக்கப் எடுக்கும்போது வரும் சிக்கல் முழுக்க இதிலிருந்துதான் கிளம்புகிறது: கட்டும் கருவி மீனை எடுத்து வைத்ததா, சீட்டை எடுத்து வைத்ததா?

பெரிய ஃபோல்டரை டாரில் கட்டினேன், வந்த ஃபைல் 10 கேபிதான். டார் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. நீங்கள் கட்டியது ஃபோல்டரை இல்லை, ஃபோல்டருக்குப் போகும் லிங்க்கை. லினக்ஸில் வரும் டார் சுருக்காமல் எழுதும்போது 10,240 பைட் மூட்டை மூட்டையாகத்தான் எழுதும் (512 பைட் துண்டு 20 சேர்ந்தது ஒரு மூட்டை), ஒற்றைச் சீட்டு வைத்தாலும் ஒரு மூட்டை ஆகும். ஆகவே சரியாக 10,240 என்று அளவைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள்.

இதாவது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். பாதி மீனும் பாதி சீட்டுமாகக் கலந்து இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கீழக்கரைப் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவரின் கல்யாண ஃபோல்டர். அதில் ஆல்பத்துக்குத் திருத்திய படங்கள் நிஜமாக இருந்தன, கேமராவிலிருந்து எடுத்த மூலப்படங்கள் இடப் பற்றாக்குறையால் வெளி டிஸ்க் ஒன்றில் இருக்க, 'மூலப்படம்' என்ற பெயரில் லிங்க் மட்டும் உள்ளே இருந்தது. அந்த லிங்க்கைப் போட்டதும் நான்தான், ஆறு மாதத்துக்கு முன்னால். மறந்தே போனேன். டாரில் கட்டினேன், சில ஜிபிக்கு ஃபைல் வந்தது, ஒரு பிழைச்செய்தி இல்லை, பெரிதாகத்தானே இருக்கிறது என்று நிம்மதியாகி அடுத்த கல்யாணத்துக்காக வெளி டிஸ்க்கை ஃபார்மேட் அடித்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பெரிய அளவில் பிரிண்ட் கேட்டு வந்தபோதுதான் டாரைத் திறந்தேன். உள்ளே மூலப்படம் இருந்தது, எங்கேயும் போகாத சீட்டாக.

டார் என்மேல் ஓரவஞ்சனை எதுவும் செய்யவில்லை. லிங்க்கை லிங்க்காகவே வைப்பதுதான் அதன் வழக்கம். சொல்லப்போனால் டார் கமாண்ட் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு 1979லேயே வந்துவிட்டது, சிம்லிங்க் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை மூலம் 1983ல்தான் வந்து சேர்ந்தது. ஒரு மரத்தை (ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிளைவிடும் அமைப்பை அப்படித்தான் சொல்வோம்) மூட்டை கட்டி வேறொரு கணினியில் அப்படியே நட வேண்டுமானால் லிங்க் லிங்க்காகவே இருப்பதுதான் நியாயமும்கூட.

லிங்க் காட்டும் நிஜ ஃபைலே உள்ளே போக என்ன செய்வது?

டார் கமாண்டில் சின்ன எச் சேருங்கள். இரட்டைக் கோடு போட்டு டீரெஃபரன்ஸ் என்று முழுதாக எழுதினாலும் அதேதான். ஒற்றை லிங்க்கைத்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் அதுவும் வேண்டாம். பெரிய சி போட்டு லிங்க்கின் பெயரைக் கொடுத்து, கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள். பெரிய சி என்றால் 'முதலில் அந்த ஃபோல்டருக்குள் போ' என்று அர்த்தம். லிங்க் வழியாகப் போனாலும் போய்ச்சேர்வது நிஜ ஃபோல்டர்தானே, அங்கிருந்து புள்ளி என்றால் உள்ளே இருப்பதெல்லாம்.

அப்போ எப்போதுமே சின்ன எச் போட்டுவிட்டால் தொல்லை விட்டதா?

இதைக் கேட்காத ஆள் கிடையாது. விடாது.

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி புராஜெக்ட் செய்த ஒரு மாணவர் வந்திருந்தார். 21 தீவுக்கும் தலா ஒரு ஃபோல்டர், பொதுவான பவளப்பாறைப் படத்தொகுப்பு ஒரே இடத்தில், ஒவ்வொரு தீவின் ஃபோல்டரிலிருந்தும் அதற்கு ஒரு லிங்க். நல்ல ஏற்பாடு, நானே மெச்சினேன். அதை ஜிப்பில் கட்டியபோது ஒரே தொகுப்பு 21 முறை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஜிப் கேட்காமலே லிங்க்கைப் பின்தொடரும், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

டாரில் சின்ன எச் போட்டால் இவ்வளவு மோசமாகாது, ஏனென்றால் ஒரே ஃபைல் இரண்டாம் தடவை வரும்போது டார் அதை அடையாளம் கண்டு, முன்னே வைத்ததற்கு ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) என்று குறித்துக்கொள்ளும். இடம் மிச்சம்தான், ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. அந்த மூட்டையைப் பென்டிரைவில் நேராக விரித்தால் ஃபேட் வகை டிஸ்க்குக்கு ஹார்ட் லிங்க் என்றால் என்னவென்றே தெரியாது, அந்த ஃபைல்கள் வராமல் பிழை காட்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறதென்றால் சின்ன எச்சோடு ஹார்ட்-டீரெஃபரன்ஸ் என்ற இன்னொரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் தனித்தனி ஃபைலாகவே போகும்.

அடுத்தது சுழல். ஃபோல்டருக்குள் இருக்கும் லிங்க் அதன் தாய் ஃபோல்டரையே காட்டினால், பின்தொடரும் கருவி உள்ளே போய், மறுபடி அதே வாசலுக்கு வந்து, மறுபடி உள்ளே போய்... ஒரே பாதையில் 40 லிங்க்குக்கு மேல் லினக்ஸ் பின்தொடராது, பிழை கொடுத்து நிறுத்திவிடும், ஆனால் அதற்குள் ஜிப் அதே படங்களை எத்தனை முறை அள்ளியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நீங்கள் அனுப்ப நினைக்காதது போய்விடும். படகுக் காகித ஃபோல்டரில் யாரோ வசதிக்காக 'ஆதார்' என்று ஒரு லிங்க் போட்டு வைத்திருந்தால் ஊராரின் ஆதார் நகலெல்லாம் அந்த மூட்டையில் ஏறி இன்னொருவர் மெயிலுக்குப் போகும். இதை நான் அனுப்பும் முன் பிடித்துவிட்டேன், நல்லவேளை.

ஜிப் ஏன் தலைகீழாக நடக்கிறது?

லினக்ஸில் நாம் பயன்படுத்தும் இன்ஃபோ-ஜிப்பின் வழக்கம் அது. எதுவும் சொல்லாவிட்டால் லிங்க்கைப் பின்தொடர்ந்து நிஜ ஃபைலை வைக்கும். லிங்க்கை லிங்க்காக வைக்க வேண்டுமென்றால் சின்ன வொய் சேர்க்க வேண்டும். டாரில் பின்தொடரச் சொல்ல ஒரு எழுத்து, ஜிப்பில் பின்தொடராதே என்று சொல்ல ஒரு எழுத்து. இது மண்டையில் ஏறிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

ஆர்சிங்க்கும் சிபியும்?

இரண்டும் நகலெடுக்கும் கமாண்டுகள். ஆர்சிங்க்கில் சின்ன ஏ போட்டால் லிங்க் லிங்க்காகப் போகும். வெறும் சின்ன ஆர் மட்டும் போட்டால் லிங்க்கையும் எடுக்காது, நிஜத்தையும் எடுக்காது, சாதாரண ஃபைல் இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். அந்த ஒரு வரி ஆயிரம் வரிக்கு நடுவே ஓடிவிடும், யார் படிக்கிறார்கள்? பின்தொடர வேண்டுமென்றால் பெரிய எல்.

இதில் சாய்கோடு விஷயம் வேறு இருக்கிறது. மூலமாகக் கொடுக்கும் பெயரே ஒரு லிங்க் என்றால், கடைசியில் சாய்கோடு இல்லாமல் கொடுத்தால் லிங்க் போகும், சாய்கோட்டோடு கொடுத்தால் அது காட்டும் ஃபோல்டரின் உள்ளடக்கம் போகும். டேப் விசையை அழுத்தி நிரப்புகிற பழக்கம் உள்ளவர்கள் என்ன நிரம்பியது என்று பார்த்துவிட்டு என்டர் அடியுங்கள்.

சிபி: ஒற்றை ஃபைலை நகலெடுத்தால் பின்தொடரும், சின்ன ஆர் போட்டு ஃபோல்டரை எடுத்தால் பின்தொடராது (நான் சொல்வது லினக்ஸில் வரும் சிபியை). பின்தொடரச் செய்ய இங்கேயும் பெரிய எல்.

சில லிங்க்கை மட்டும் நிஜமாக்கி, மற்றதை லிங்க்காகவே விட முடியுமா?

டாரில் நேராக முடியாது, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. நான் செய்வது இரண்டு படி. முதலில் ஆர்சிங்க்கில் சின்ன ஏ-யோடு காப்பி-அன்சேஃப்-லிங்க்ஸ் என்ற சொல்லையும் போட்டு ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு நகலெடுப்பேன். மரத்துக்கு உள்ளேயே சுற்றும் லிங்க்குகள் அப்படியே லிங்க்காக இருக்கும், வெளியே கை நீட்டும் லிங்க்குகளும் முழுப்பாதை எழுதிய லிங்க்குகளும் நிஜ ஃபைலாக மாறிவிடும். பிறகு அந்தத் தற்காலிக ஃபோல்டரைச் சாதாரணமாக டாரில் கட்டுவேன். கூடுதலாக இடம் பிடிக்கும், கொஞ்ச நேரமும் ஆகும். என் கடையில் இப்போது வெளியே போகும் எல்லா மூட்டைக்கும் இதுதான் வழி, வேறு எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை.

அதே லிங்க் என் கணினியில் வேலை செய்கிறது, தம்பி கணினியில் சிவப்பாகத் தெரிகிறதே?

பாதை எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். '/மீடியா/டிஸ்க்2/மூலப்படம்' என்று வேரிலிருந்து எழுதியிருந்தால் அது முழு முகவரி. தம்பி கணினியில் அந்தப் பெயரில் டிஸ்க் இல்லையென்றால் லிங்க் செத்தது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி ரயில் நிலையத்துக்கு எழுதிய கடிதம் மாதிரி, முகவரியில் பிழை இல்லை, சேர்வதற்கு இடம்தான் இல்லை. '../மூலப்படம்' என்று எழுதியிருந்தால் அது 'எதிர்த்த வீடு' என்று சொல்வது போல, இரண்டு வீட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போனால் எங்கே வைத்தாலும் சரியாக இருக்கும்.

டார் மூட்டை கட்டும்போது ஃபைல் பெயர்களின் முன்னால் உள்ள சாய்கோட்டை நீக்கிவிட்டதாகச் சொல்லும், அதைப் பார்த்து லிங்க்கையும் சரிசெய்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிம்லிங்க்குக்குள் எழுதியிருக்கும் பாதையை அது தொடாது.

லிங்க் போடும்போதே எல்என் கமாண்டில் சின்ன எஸ்ஸோடு சின்ன ஆரும் சேர்த்தால் எதிர்த்த வீட்டு வகையாகவே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். நீங்களே கையால் எழுதுவதானால் ஒன்றை மறக்காதீர்கள்: அந்தப் பாதை லிங்க் இருக்கும் ஃபோல்டரிலிருந்துதான் எண்ணப்படும், நீங்கள் நின்றுகொண்டு தட்டும் ஃபோல்டரிலிருந்து இல்லை. புதிதாகக் கற்கும் பையன்கள் பத்துக்கு ஒன்பது பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கட்டுவதற்கு முன்னால் என்னென்ன லிங்க் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஃபைண்ட் கமாண்டில் டைப் எல் என்று கேட்டால் எல்லா சிம்லிங்க்கும் வரும். எல்நேம் என்ற சொல்லோடு மேற்கோளுக்குள் சாய்கோடும் நட்சத்திரமும் கொடுத்தால் முழுமுகவரி லிங்க்குகள் மட்டும் வரும். எக்ஸ்டைப் எல் என்றால் செத்த லிங்க்குகள். ஃபைண்டுக்குப் பின் பெரிய எல் போட்டு ஒருமுறை ஓடவிட்டால் சுழல் இருக்கிறதா என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஃபோல்டர் பிடிக்கும் இடத்தை அளக்கும் டியூ கமாண்டைச் சின்ன எஸ்ஸும் சின்ன எச்சும் போட்டு ஒரு தடவை, கூடவே பெரிய எல்லும் போட்டு இன்னொரு தடவை ஓட்டுங்கள். முதலாவது லிங்க்கைப் பின்தொடராத அளவு, இரண்டாவது பின்தொடர்ந்த அளவு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் சில ஜிபிக்கும் பல பத்து ஜிபிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணெதிரே நின்றிருக்கும்.

பென்டிரைவில் விரித்தால் அனுமதி இல்லை என்கிறது.

பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டாக இருக்கும். இரண்டிலும் சிம்லிங்க்குக்கு இடமே கிடையாது. டார் ஃபைலாகவே தூக்கிக்கொண்டு போங்கள், விரிப்பதை லினக்ஸ் டிஸ்க்கில் செய்யுங்கள். ஃபேட்32 ஒற்றை ஃபைலை 4 ஜிபிக்கு மேல் ஏற்காது, அது தனித் தலைவலி. அப்புறம் நம் ஊர் உப்புக் காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பிடித்துப்போவதால் பாதி வழியில் அறுந்துபோகும் நகல்களுக்கு நான் பொறுப்பில்லை.

விண்டோஸ்காரருக்கு அனுப்ப வேண்டும்.

லிங்க் எதுவும் இல்லாமல் அனுப்புங்கள். விண்டோஸிலும் சிம்லிங்க் உண்டு, விஸ்டா காலத்திலிருந்தே உண்டு, ஆனால் அதை உருவாக்க நிர்வாகி உரிமையோ டெவலப்பர் மோடோ வேண்டும். இ-சேவை வேலைக்கு வாங்கிய கணினியில் அதையெல்லாம் யார் திறந்து வைத்திருப்பார்கள்? எதுவும் சேர்க்காத சாதாரண ஜிப்பே இந்த இடத்துக்குப் பொருத்தம்.

மேக்கில் டாருக்குப் பெரிய எல் போட்டுப் பழகிவிட்டேன், லினக்ஸில் ஏதோ உளறுகிறது.

மேக்கில் இருப்பது பிஎஸ்டி டார், அங்கே பெரிய எல் என்றால் பின்தொடர். லினக்ஸின் குனு டாரில் பெரிய எல் என்றால் பேக்கப் எடுக்கும் காந்த நாடாவின் நீளம்! டார் நாடாவுக்கென்று பிறந்த கருவி என்பதால் அந்த எழுத்தை அப்போதே எடுத்துக்கொண்டார்கள். சின்ன எச் இரண்டிலும் ஒரே வேலை செய்யும், அதையே பழகிக்கொள்ளுங்கள்.

விரித்தபோது என் லிங்க் காணாமல் போய், அதே பெயரில் நிஜ ஃபோல்டர் வந்து டிஸ்க் நிரம்பிவிட்டது.

ஏற்கெனவே அங்கே லிங்க் இருந்து, மூட்டையில் அதே பெயர் ஃபோல்டராக இருந்தால் குனு டார் லிங்க்கை எடுத்துப் போட்டுவிட்டு ஃபோல்டரை உருவாக்கும். லிங்க்கை விட்டுவைத்து அது காட்டும் இடத்திலேயே விரிக்க வேண்டுமென்றால் கீப்-டைரக்டரி-சிம்லிங்க் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், 1.27 பதிப்பிலிருந்து இருக்கிறது. இது ஏன் வழக்கமாக இல்லை என்றால், தெரியாதவர் கொடுக்கும் மூட்டையில் முதலில் வெளியே காட்டும் ஒரு லிங்க், பிறகு அதன் வழியாக ஒரு ஃபைல் என்று வைத்து உங்கள் சொந்த ஃபைல்மேல் எழுத வைக்க முடியும். யார் கொடுத்த மூட்டையானாலும் காலியான புது ஃபோல்டரில் விரிப்பது நல்லது.

ஃபைல் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன், லிங்க்குக்குத் தொந்தரவு வருமா?

வராது, ஒரே ஒரு மூலையைத் தவிர. எழுத்துகளைப் பைட்டாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், 'கீ' என்றால் எழுத்தும் சுழியும் சேர்த்து 6. டார் ஃபைலின் பழைய வடிவமான யூஸ்டாரில் லிங்க் காட்டும் பாதைக்கு 100 பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதாவது 33 குறி. 'ராமநாதபுரம்/தேவிபட்டினம்' என்று இரண்டு ஊர் எழுதுவதற்குள் முக்கால்வாசி போய்விடும். குனு டாரின் சொந்த வடிவத்திலும் பேக்ஸ் வடிவத்திலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, நீங்களாக யூஸ்டார் கேட்டிருந்தால் ஒழியக் கவலை வேண்டாம்.

மூட்டை கட்டியாச்சு. மூலத்தை அழிக்கலாமா?

முதலில் டாரில் சின்ன டி, வி, எஃப் போட்டு பட்டியலைப் பாருங்கள். எல் என்று தொடங்கும் வரிகளில் அம்புக்குறி எங்கே போகிறது என்று படியுங்கள். அதன் பிறகு வேறொரு கணினியில் விரியுங்கள். இன்னொரு கணினி இல்லையென்றால் வெளி டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இதிலேயே விரித்து, நாலைந்து படத்தைத் திறந்து பாருங்கள். டிஸ்க் மாட்டியிருக்கும்போது திறந்தால் சீட்டு கூட மீனாகத்தான் தெரியும்.

கீழக்கரைக்காரர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் என்னிடம்தான் வருகிறார். டிஸ்க்கை வாங்கிப் பையில் போடும் முன் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "கழட்டி வச்சுப் பாத்தீங்களாண்ணே?"